மைனஸ் 1.41 சொல்வது என்ன? நாக் சென்சார் பதிவுகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ போன்ற டர்போ காரை ட்யூன் செய்யப் புதிதாக இறங்கும் ஒருவர், மடிக்கணினியை இணைத்து, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து முதல் லாக்கை (இன்ஜின் ஓடும்போது எடுக்கும் எண்களின் பதிவு) எடுக்கிறார். அட்டவணையின் பல பத்திகளுக்கு (நெடுவரிசைகளுக்கு) நடுவே ‘ஃபீட்பேக் நாக்’ என்ற தலைப்பின் கீழ் மைனஸ் 1.41 என்ற எண் தென்படுகிறது. இன்ஜின் உடையப்போகிறது என்று பயந்து வண்டியை ஓரங்கட்டுவோர் உண்டு. எல்லா வண்டியிலும் இப்படித்தான் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, அந்தப் பத்தியின் பக்கமே திரும்பாதவர்களும் உண்டு. இரு சாராரும் அந்த எண்ணைச் சிலிண்டருக்குள் நடந்த தட்டலின் (நாக்) அளவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது தட்டலின் அளவு அன்று. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூ ஏதோ ஒரு சத்தத்தைக் கேட்டு, அது தட்டலாக இருக்கலாம் என்று முடிவு செய்து, ஸ்பார்க்கை எத்தனை டிகிரி தாமதப்படுத்தியது என்பதற்கான குறிப்பு மட்டுமே அது. சத்தம், அதைப் பற்றிய முடிவு, முடிவின்மேல் எடுத்த நடவடிக்கை என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பதிவைப் படிப்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தட்டல் எப்படி உண்டாகிறது

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் மேலேறிக் கலவையை நெருக்கும்போது, அது உச்சியை எட்டுவதற்குச் சில டிகிரிகள் முன்பாகவே ஸ்பார்க் பிளக் பொறியை விடுகிறது. அந்தப் பொறியில் பிறந்த தீ ஒரே கணத்தில் அறை முழுவதையும் பற்றிக்கொள்வதில்லை. பிளக்கைச் சுற்றித் தொடங்கிச் சுவர்களை நோக்கிப் பரவுகிறது. தீ இன்னும் வந்து சேராத ஓரங்களில் எஞ்சியிருக்கும் கலவையை, எரிந்து விரியும் வாயு மேலும் மேலும் நெருக்குவதால் அதன் அழுத்தமும் வெப்பமும் ஏறிக்கொண்டே போகின்றன. தீ வந்தடையும் வரை அந்தக் கலவை தாக்குப்பிடித்தால் எரிதல் ஒழுங்காக முடியும். தாக்குப்பிடிக்காமல் தானாகவே பற்றிக்கொண்டால், எஞ்சியது மொத்தமும் ஒரே வீச்சில் எரிந்து, அதனால் எழும் அழுத்த அலை அறைச் சுவர்களுக்கு இடையே மோதி மோதித் திரும்புகிறது. மெக்கானிக்குகள் ‘இன்ஜின் தட்டுகிறது’ என்றும் ‘நாக்கிங்’ என்றும் சொல்வது, இந்த அலை உலோகத்தில் ஏறி வெளியே கேட்கும் சத்தத்தைத்தான்.

ஸ்பார்க்கை எவ்வளவு முன்கூட்டி விடுகிறோமோ அவ்வளவு சீக்கிரமாகவும் உயரமாகவும் அழுத்தம் எழும்பும். சிலிண்டர் அழுத்தத்தின் உச்சம், பிஸ்டன் உச்சியைக் கடந்து ஏறக்குறைய 15 டிகிரி கீழிறங்கும் நேரத்தில் அமைந்தால் நல்ல இழுவை கிடைக்கும். ஆனால் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம்) ஏற்றிய டர்போ இன்ஜினில் அந்த இடத்தை எட்டும் முன்பே தட்டல் குறுக்கிட்டுவிடுவது வழக்கம். ஆகவே இத்தகைய இன்ஜின்களில் டைமிங்கின், அதாவது ஸ்பார்க் விடும் நேரத்தின், எல்லையைத் தட்டலே வகுக்கிறது. ட்யூனர் தன் வேலை நேரத்தில் பெரும்பகுதியை இந்த எல்லையின் ஓரத்தில்தான் கழிக்கிறார்.

லேசான தட்டல் எப்போதாவது ஒருமுறை வந்து போனால் இன்ஜின் பொறுத்துக்கொள்ளும். முழு பூஸ்டில் தொடர்ந்து வரும் தட்டல் அப்படியன்று. சுவரையும் பிஸ்டன் தலையையும் ஒட்டி நின்று அவற்றைக் காக்கும் மெல்லிய வாயுப்படலத்தை அந்த அலை கலைத்துவிடுவதால், எரிதலின் வெப்பம் நேராக உலோகத்துக்குள் இறங்குகிறது. சுபாருவின் இஜே257 இன்ஜினில் முதலில் உடைவது பெரும்பாலும் பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய மேடு என்பது அந்த வண்டி வைத்திருப்போர் அனைவரும் அறிந்த செய்தி.

இதனோடு அடிக்கடி போட்டுக் குழப்பப்படும் இன்னொன்று, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது. பழுக்கக் காய்ந்த பிளக் முனையோ கரித்துண்டோ அதைத் தூண்டலாம். அங்கே எரிதலைத் தொடங்கி வைப்பது ஸ்பார்க் அல்ல என்பதால், ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவது அதைத் தீர்க்காது. இந்தக் கட்டுரை ஸ்பார்க்குக்குப் பின் வரும் தட்டலைப் பற்றியது மட்டுமே.

சென்சார் கேட்பதும் இசியூ தீர்மானிப்பதும்

நாக் சென்சாருக்குள் இருப்பது, அதிர்வு படும்போது மின்னழுத்தம் தரும் பீசோ பீங்கான் வில்லை. நடுவில் துளையுள்ள தட்டையான வகைதான் இன்றைய கார்களில் அதிகம். அதை எட்டு மி.மீ. போல்ட்டால் இன்ஜின் பிளாக்கில் நேரடியாக இறுக்குவார்கள். பாஷ் நிறுவனத்தின் இத்தகைய சென்சாருக்கு 20 நியூட்டன் மீட்டர் இறுக்கம் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த இறுக்கத்தைப் பொருட்படுத்தாமல் கை போன போக்கில் முறுக்கினாலும், துருவேறிய அல்லது பெயின்ட் படிந்த பரப்பின்மேல் வைத்தாலும், சென்சாரின் செவித்திறன் மாறிவிடும். பின்னால் எத்தனை லாக் எடுத்தாலும் அந்தக் குறை எண்களில் ஒளிந்தே இருக்கும்.

பொதுச்சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டில் நடப்பதைச் சுவரில் காதை வைத்துக் கேட்பவரின் நிலைதான் சென்சாருடையது. அங்கே எழும் எல்லாச் சத்தமும் அதற்குக் கேட்கும். எது எதனால் எழுந்தது என்பது தெரியாது. வால்வு மூடுவது, பிஸ்டன் சுவரில் இடிப்பது, இன்ஜெக்டர் சொடுக்குவது, ஆல்டர்னேட்டர் பிராக்கெட் அதிர்வது எல்லாம் ஒரே கம்பி வழியாகத்தான் இசியூவுக்குப் போய்ச் சேருகின்றன.

இந்த இரைச்சலிலிருந்து தட்டலைப் பிரித்தெடுக்க இசியூ இரண்டு வடிகட்டிகளைப் பயன்படுத்துகிறது. முதலாவது அதிர்வெண். அழுத்த அலை சிலிண்டரின் குறுக்கே ஊசலாடும் வேகத்தை அதன் விட்டமே தீர்மானிக்கிறது. ட்யூனர்கள் கைக்கணக்காக, 900-ஐ சிலிண்டர் ஆரத்தின் மி.மீ. அளவாலும் பை மதிப்பாலும் வகுத்து, விடையைக் கிலோஹெர்ட்ஸாக எடுத்துக்கொள்வார்கள். இஜே257-இன் விட்டம் 99.5 மி.மீ.; ஆகவே சுமார் 5.8 கிலோஹெர்ட்ஸ். மாருதி ஸ்விஃப்டில் வந்த நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் கே-சீரிஸ் இன்ஜினின் விட்டம் 73 மி.மீ. என்பதால் அதற்கு ஏறக்குறைய 7.8 கிலோஹெர்ட்ஸ். அகன்ற சிலிண்டர் கனத்த குரலிலும் குறுகிய சிலிண்டர் மெல்லிய குரலிலும் தட்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் இன்னொரு அதிர்வு முறையும் உண்டு. அது முதல் அதிர்வெண்ணைப் போல் சுமார் 1.66 மடங்கில் ஒலிக்கும். இயந்திர இரைச்சல் கீழ் அதிர்வெண்ணை மூழ்கடிக்கும் இன்ஜின்களில், தனி இசியூ பொருத்தியவர்கள் இந்த மேல் அதிர்வெண்ணைக் கேட்கும்படி அமைப்பதுண்டு.

இரண்டாவது வடிகட்டி நேரம். தட்டல் வரக்கூடியது பிஸ்டன் உச்சியைக் கடந்த பின் உள்ள சில பத்து டிகிரிகளில்தான். ஆகவே அந்தச் சாளரம் திறந்திருக்கும் போது மட்டும் இசியூ காதைத் தீட்டிக்கொள்கிறது. மற்ற நேரத்தில் எழும் சத்தம் கணக்கில் சேராது. இந்தச் சாளரம் எவ்வளவு குறுகியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சென்சாரின் சிரமம் புரியும். 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) கிராங்க் தண்டு ஒரு சுற்றை 10 மில்லிசெகண்டில் முடிக்கிறது. 60 டிகிரி சாளரம் என்றால் சுமார் 1.7 மில்லிசெகண்ட். 5.8 கிலோஹெர்ட்ஸ் அலை அதற்குள் பத்து முறைதான் அசைய முடியும். 2000 ஆர்பிஎம்மில் அதே சாளரத்துக்குள் ஏறக்குறைய 29 அசைவுகள் கிடைக்கும். வேகம் ஏற ஏற மற்ற உறுப்புகளின் இரைச்சல் கூடுகிறது; கேட்கக் கிடைக்கும் நேரமோ குறைகிறது. உயர் ஆர்பிஎம்மில் வரும் எண்களை இருமடங்கு எச்சரிக்கையோடு படிக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இந்த இரண்டையும் கடந்து வந்த அதிர்வின் மொத்த ஆற்றலை இசியூ கூட்டி, அந்த ஆர்பிஎம்முக்கு வழக்கமாக உள்ள பின்னணி இரைச்சலோடு ஒப்பிடுகிறது. குறித்த வரம்பைத் தாண்டினால் தட்டல், தாண்டாவிட்டால் இல்லை. வரம்பு எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கார் நிறுவனம், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள இன்ஜினை வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறது. ஃபோர்ஜ் செய்த (உலோகத்தை அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன், கெட்டியான இன்ஜின் மவுன்ட், பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய்) என்று மாற்றிய பிறகு பின்னணி இரைச்சலே வேறாகிவிடுகிறது. வரம்போ பழைய இடத்திலேயே நிற்கிறது.

மூன்று பத்திகள், மூன்று விதமான செய்தி

சுபாருவை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம், அதன் இசியூ தன் முடிவுகளை மூன்றாகப் பிரித்து வெளிப்படையாகக் காட்டுவதுதான்.

முதலாவது, மேலே சொன்ன ஃபீட்பேக் நாக். இது அந்தக் கணத்துக்கான எதிர்வினை. தட்டல் என்று தோன்றியதும் இசியூ சட்டென்று டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. சத்தம் அடங்கினால் கொஞ்சநேரம் பொறுத்திருந்துவிட்டுத் திருப்பித் தருகிறது. எடுப்பது வேகம், கொடுப்பது நிதானம் என்பது எல்லா நிறுவனங்களின் நாக் கட்டுப்பாட்டுக்கும் பொதுவான குணம். −1.41 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று கேட்போர் உண்டு. இசியூ டைமிங்கைச் சேமிக்கும் மிகச் சிறிய படி ஏறக்குறைய 0.35 டிகிரி, அதாவது 90 டிகிரியை 256-ஆகப் பிரித்ததில் ஒரு பங்கு. நான்கு படிகள் சேர்ந்தால் 1.41, எட்டுப் படிகள் 2.81. ஆகவே −1.41-ஐக் கண்டால், ‘1.41 அளவுக்குத் தட்டியது’ என்று கொள்ளக்கூடாது. ‘முதல் எச்சரிக்கைக்கு உரிய நான்கு படிகளை இசியூ எடுத்தது’ என்றே கொள்ள வேண்டும். தட்டல் பலமாக இருந்தாலும் லேசாக இருந்தாலும் முதல் அடி அதே அளவுதான். அது −2.81 ஆகி மேலும் இறங்குகிறதா என்பதில்தான் செய்தி இருக்கிறது.

இரண்டாவது, ஃபைன் நாக் லேர்னிங். இது நினைவு. ஆர்பிஎம்மையும் லோடையும் (இன்ஜின்மேல் உள்ள சுமை) கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் தட்டல் வந்ததோ அங்கே ஒரு திருத்தத்தை எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த முறை அந்தக் கட்டத்துக்கு வந்தவுடனேயே அதைக் கழித்துக்கொள்கிறது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இந்தப் பத்தியில் −1.05 என்று இருந்தால், இப்போது தட்டியது என்று பொருளில்லை. நேற்று மலையேறும்போது பதிந்ததாகவும் இருக்கலாம், போன வாரம் போட்ட மட்டமான பெட்ரோலால் பதிந்ததாகவும் இருக்கலாம். அடையாளம் எளிது: நினைவிலிருந்து வரும் எண், ஒரு ஆர்பிஎம்மில் திடீரென்று தோன்றி, மாறாமல் அப்படியே நீண்டு, இன்னொரு ஆர்பிஎம்மில் திடீரென்று மறையும். ஏனெனில் இன்ஜின் ஒரு கட்டத்துக்குள் நுழைந்து வெளியேறுவதை மட்டுமே அது காட்டுகிறது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எண் கட்டத்தின் நடுவில் மாறினால்தான் அது புதிய நிகழ்வு.

மூன்றாவது, டைனமிக் அட்வான்ஸ் மல்டிப்ளையர். பழைய மென்பொருள்களில் இது 0 முதல் 16 வரையும், பின்னர் வந்தவற்றில் 0 முதல் 1 வரையும் காட்டப்படும். இசியூ ஒட்டுமொத்தப் பெட்ரோலின் தரத்தின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை என்று இதைக் கொள்ளலாம். அடிப்படை டைமிங் 12 டிகிரி, அதன்மேல் கூட்டிக்கொள்ளக் கூடியது 8 டிகிரி என்றால், மதிப்பு 1-ஆக இருக்கும்போது மொத்தம் 20 டிகிரி கிடைக்கும், 0.75-க்கு இறங்கினால் 18 டிகிரிதான். மற்ற இரண்டும் குறிப்பிட்ட இடத்தைத் தொடும். இது எல்லா இடத்தையும் தொடும். எனவே லாக்கைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பத்தியைத்தான். இது 1-க்குக் கீழே இருந்தால், மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த லாக்கை வைத்து டைமிங் மேப்பை (எந்த ஆர்பிஎம்மிலும் லோடிலும் எத்தனை டிகிரி என்ற அட்டவணை) மாற்றுவது வீண் வேலை. இன்ஜின் ஓடியது நீங்கள் எழுதிய டைமிங்கில் அன்று.

ஒரு லாக்கை வரி வரியாகப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு பதிவைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்றாவது கியர், 2500 முதல் 6500 ஆர்பிஎம் வரை முழு மிதி. மல்டிப்ளையர் 1-இல் நிற்கிறது. 2650 ஆர்பிஎம்மில், ஆக்சிலரேட்டர் 20 சதவீதத்திலிருந்து 100-க்குத் தாவிய உடனே ஃபீட்பேக் −1.41, அரை நொடியில் மறைகிறது. 3400 முதல் 3900 வரை ஃபைன் லேர்னிங் −1.05, அசையாமல். 4600-இல் ஃபீட்பேக் 0-இலிருந்து −1.41-க்கும் அடுத்த வரியிலேயே −2.81-க்கும் இறங்கி, 5100 வரை நீடிக்கிறது. அந்த நேரத்தில் பூஸ்ட் 17.5 பிஎஸ்ஐ, மேப்பில் கேட்டதோ 16. உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் 46 டிகிரி செல்சியஸ். காற்று எரிபொருள் விகிதம் 11.4.

முதல் எண்ணைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். மிதியைச் சட்டென்று அழுத்தும்போது இன்ஜின் மவுன்ட்டில் சாய்ந்து, டிரான்ஸ்மிஷன் இறுகி, ஒரு குலுக்கல் உண்டாகிறது. அப்போது லோடும் குறைவு. மிதியை நிதானமாக அழுத்தி மீண்டும் ஓட்டினால் இது மறைந்துவிடக்கூடும். ‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: மிதித்த கணத்தில் பெட்ரோல் போதுமான அளவு கூடாமல் கலவை மெலிந்தாலும் இதே இடத்தில் உண்மையான தட்டல் வரும். ஆகவே விகிதப் பத்தியை ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுத்தான் விட வேண்டும்.

இரண்டாவது எண் நினைவு. அதைப் பற்றி இந்த ஓட்டத்திலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் கவனத்துக்கு உரியது. லோடு உச்சத்தில் இருக்கும்போது வருகிறது. ஒரு படியோடு நில்லாமல் மேலும் இறங்குகிறது. பக்கத்துப் பத்தியில் அதற்குப் பொருத்தமான காரணமும் இருக்கிறது. பூஸ்ட் கேட்டதைவிட 1.5 பிஎஸ்ஐ அதிகம். இந்த நிலையில் டைமிங் மேப்பைத் திறந்து இரண்டு டிகிரி குறைப்பதுதான் பலரின் முதல் வேலை. என் கணிப்பில் அது வரிசை தவறிய வேலை. பூஸ்ட் கட்டுப்பாட்டைச் சரிசெய்து 16-இல் நிற்க வைத்துவிட்டு, பிறகும் தட்டினால்தான் டைமிங்கைத் தொட வேண்டும். காரணத்தை விட்டுவிட்டு டைமிங்கைக் குறைத்தால், குளிர்ந்த காலையில் பூஸ்ட் இன்னும் ஏறும்போது அதே இடத்தில் மறுபடியும் வந்து நிற்கும்.

திருத்தம் செய்த பிறகு இசியூவின் நினைவை அழித்துவிட்டு ஓட்டுவது நல்லது. இல்லாவிட்டால் பழைய கட்டத்து எண்கள் புதிய மேப்பின்மேல் படிந்து குழப்பும். ஆனால் அழித்ததும் பல மாடல்களில் மல்டிப்ளையர் 0.5-இலிருந்துதான் தொடங்கும். அது 1-க்கு ஏறும் வரை மிதமாக ஓட்டிவிட்டு அதன் பிறகே முழு மிதி லாக் எடுக்க வேண்டும். அதே சாலை, அதே கியர், இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது) ஆறுவதற்குப் போதிய இடைவெளி என்று நிலைமைகளை மாற்றாமல் குறைந்தது மூன்று ஓட்டங்கள் எடுத்தால், மூன்றிலும் அதே ஆர்பிஎம்மில் வருவது எது, ஒன்றில் மட்டும் எட்டிப் பார்த்தது எது என்பது தெரிந்துவிடும். ஆளில்லாத தனிப்பட்ட தடத்திலோ டைனோவிலோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் கருவி) செய்ய வேண்டிய வேலை இது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை பத்திகளைப் பதிவு செய்கிறோம் என்பதும் முக்கியம். பழைய சுபாருக்களின் கண்டறியும் இணைப்பு நொடிக்கு 4800 பிட் வேகத்தில்தான் பேசும். கிடைப்பதையெல்லாம் தேர்ந்தெடுத்தால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே நூற்றுக்கணக்கான ஆர்பிஎம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் என்ன நடந்ததோ யாருக்கும் தெரியாது. ஆர்பிஎம், லோடு, மிதி, பூஸ்ட், டைமிங், காற்று வெப்பம், காற்று எரிபொருள் விகிதம், நாக் தொடர்பான மூன்று ஆகியவை போதும்.

பொய்த் தட்டல்

வெப்பத்தகடு தளர்ந்து அதிர்வது, டவுன்பைப் கிராஸ்மெம்பரில் (அடிச்சட்டத்தின் குறுக்குத்துண்டு) உரசுவது, கியர் மாற்றும்போது கிளட்ச் இடிப்பது போன்றவை தட்டலின் அதிர்வெண்ணிலேயே ஒலித்தால் இசியூ ஏமாந்துபோகும். ஃபோர்ஜ் செய்த பிஸ்டன்கள் இன்னொரு வகை. சூடானால் அதிகம் விரியும் அலுமினியக் கலவையில் செய்தவற்றுக்குச் சுவரோடு இடைவெளி கூடுதலாக விடுவார்கள் என்பதால், இன்ஜின் சூடாகும் வரை அவை சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும்.

உண்மையா பொய்யா என்று பிரிக்க ஒரு நேரடிச் சோதனை உண்டு. சந்தேகப்படும் இடத்தில் மட்டும் டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி குறைத்து மீண்டும் ஓட்டுங்கள். உண்மையான தட்டல் என்றால் அது டைமிங்குக்குக் கட்டுப்படும்; குறையும் அல்லது மறையும். தளர்ந்த தகட்டுக்கு டைமிங்கைப் பற்றி அக்கறை இல்லை. அதே ஆர்பிஎம்மில் அதே எண் மறுபடியும் வரும். டைமிங்கை மாற்றாமல், தட்டலை அதிகம் தாங்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலைப் போட்டு ஓட்டினாலும் இதே விடை கிடைக்கும். சோதிக்கும் திசை எப்போதும் பாதுகாப்பான பக்கமாகவே இருக்க வேண்டும். கூடுதல் டைமிங் கொடுத்து எண் ஏறுகிறதா என்று பார்ப்பது, வாயுக் கசிவைத் தீக்குச்சி உரசிக் கண்டுபிடிக்கும் ரகம்.

கேட்டறிவோரும் இருக்கிறார்கள். ஒரு செம்புக் குழாயின் நுனியைத் தட்டித் துளையிட்டு, சென்சாருக்கு அருகே பிளாக்கில் போல்ட்டால் இறுக்கி, மறுமுனையிலிருந்து ரப்பர் குழாய் வழியாகக் காதடைப்பானுக்குக் கொண்டு வருவது பழைய பட்டறை முறை. மைக்ரோஃபோனும் ஹெட்ஃபோனும் கொண்ட மின்னணுக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. பழகிய காதுக்கு, இரைச்சலின்மேல் தனித்துத் தெரியும் கூர்மையான ‘டிக்’ ஒலி எது என்று தெரியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதும் பயன் தரும்: வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் அளவில் கரும்புள்ளிகளோ, பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய மினுக்கும் அலுமினியத் துகள்களோ இருந்தால் பொய்த் தட்டல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேறு கார்களின் எண்கள்

ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் அளவுகோலால் படிக்கக்கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் நாக் ரிடார்ட் என்ற எண் நேர்க்குறியில் வரும். 3 என்றால் 3 டிகிரி எடுக்கப்பட்டது. அவற்றில் ‘பர்ஸ்ட் நாக்’ என்ற ஏற்பாடும் உண்டு: மிதியைச் சட்டென்று அழுத்தினால் தட்டல் வரக்கூடும் என்று எதிர்பார்த்து, சென்சார் எதையும் கேட்காமலேயே இசியூ டைமிங்கைக் குறைத்துவைக்கும். சத்தமே இல்லாமல் எண் மட்டும் வருவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஃபோக்ஸ்வேகன் கார்கள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் காட்டும். நான்கும் சேர்ந்து ஏறினால் பெட்ரோலையோ வெப்பத்தையோ சந்தேகிக்கலாம், ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்கலாம். மிட்சுபிஷி எவோவின் ‘நாக் சம்’ டிகிரியே அன்று, ஓர் எண்ணிக்கை. அங்கே 3 என்பதைக் கண்டு மூன்று டிகிரி போய்விட்டது என்று எண்ணுவது தவறு.

பெட்ரோல்

தட்டலைத் தாங்கும் திறனை ஆக்டேன் எண் சொல்கிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, எந்தக் கலப்பு விகிதத்தைப் போல ஒரு பெட்ரோல் நடந்துகொள்கிறதோ அதை அதன் எண்ணாகக் கொள்வது வழக்கம். அமெரிக்காவில் எழுதப்பட்ட ட்யூனிங் குறிப்புகளைப் படிக்கும் தமிழ் வாசகர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க பங்க்கில் எழுதியிருக்கும் எண், ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் எண்), எம்ஓஎன் (மோட்டார் ஆக்டேன் எண்) என்ற இரண்டு அளவீடுகளின் சராசரி. இந்தியாவில் எக்ஸ்பி95, எக்ஸ்பி100 போன்ற பெயர்களில் உள்ளது ஆர்ஓஎன். அவர்களது 93, நம் கணக்கில் ஏறக்குறைய 98. ஆகவே 93-க்கு எழுதிய மேப்பை 95 ஆர்ஓஎன் பெட்ரோலில் ஓட்டினால் மேலதிக ஆக்டேன் கையிலிருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் மூன்று எண் குறைவாக ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட மேப்பில் ஃபைன் லேர்னிங் பல கட்டங்களில் பதிந்து, மல்டிப்ளையரும் இறங்கினால் சென்சாரைக் குறை சொல்ல ஏதுமில்லை. வெயில் காலத்துப் போக்குவரத்து நெரிசலில் இன்டர்கூலர் சூடேறி நின்ற பின் எடுத்த முதல் லாக்கும் இப்படித்தான் இருக்கும்.

பூஜ்யத்தையும் படிக்க வேண்டும்

நாக் பத்திகள் மூன்றிலும் குறையே இல்லாத லாக் கிடைத்தால் மகிழ்வதற்கு முன் சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இஜே இன்ஜின்களில் அது இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, வெப்பத்தில் கிடக்கிறது. ஆண்டுகள் போனால் அதன் பிளாஸ்டிக் உறை விரிசல் விடுவது வழக்கம். கம்பி அறுந்தால் பி0325 அல்லது பி0327 போன்ற பிழைக் குறியீடு வரும். குறியீடு வராத அளவுக்கு மட்டும் செவி மங்கியிருந்தால் எந்த விளக்கும் எரியாது. பொய்த் தட்டலுக்குச் சலித்துப்போன முந்தைய ட்யூனர் யாரேனும் வரம்பை உயர்த்தியோ, நாக் திருத்தத்தின் எல்லையைச் சுருக்கியோ வைத்திருந்தாலும் லாக் இதேபோல் வெண்மையாகத்தான் வரும். கைமாறி வாங்கிய காரில் இது அரிதான விஷயம் அன்று.

சோதிப்பதற்குக் கஷ்டமில்லை. சென்சாரின் மூல மின்னழுத்தத்தையோ இரைச்சல் அளவையோ காட்டும் பத்தி உங்கள் மென்பொருளில் இருந்தால், ஐடிலிலிருந்து 4000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். பின்னணி இரைச்சல் ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏற வேண்டும். ஏறாமல் தட்டையாகக் கிடந்தால் சென்சாரோ கம்பியோ இறுக்கமோ சரியில்லை. அந்தப் பத்தி இல்லாத வண்டிகளில், மேப்பிலுள்ள நாக் அட்டவணைகளைத் தொழிற்சாலை மேப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சென்சாரைக் கழற்றி, பிளாக்கின் பரப்பைச் சுத்தம் செய்து, டார்க் ரெஞ்சால் குறித்த இறுக்கத்துக்குப் பூட்டிய பிறகு முதல் லாக்கை எடுங்கள். பூஸ்டைக் கூட்டும் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.